ஏரியும் கண்ணாடித் தொட்டியும்: மத்திய அமெரிக்கச் சிக்கிளிட்டு மீன் வளர்ப்பு

மத்திய அமெரிக்காவிலுள்ள நிக்கராகுவா ஏரியின் பரப்பு ஏறத்தாழ 8,000 சதுரக் கிலோமீற்றர். அவ்வேரிக்குரிய மீனினம் ஒன்றை வீட்டிலோ பாடசாலை ஆய்வுகூடத்திலோ கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விழைபவர், அதற்கு நீரும் உணவும் அளித்தாற் போதும் என்றே பெரும்பாலும் எண்ணுவர். ஆயின் ஏரி தன் மீன்களுக்கு அளித்து வருவன நீரும் உணவும் மட்டுமல்ல. சண்டையில் தோற்ற மீன் ஓடி ஒளிதற்கு இடந் தருவது ஏரி. மீனின் கழிவைப் பெருநீரிற் கரைத்துத் தீங்கற்றதாக்குவது ஏரி. பிறக்கும் குஞ்சுகளின் பெருந்தொகையை ஓர் அளவுக்குள் அடக்கி வைப்பதும் ஏரியே. இம்மூன்று பணிகளும் தொட்டியினுள் தாமாக நடைபெறமாட்டா. தொட்டி அமைப்பவரே அவற்றைத் தம் பொறுப்பாக ஏற்றல் வேண்டும். எனவே மீன்தொட்டியைத் திட்டமிடுதல் என்பது அலங்காரப் பொருளொன்றைத் திட்டமிடுதலன்று. ஏரியின் மூன்று பணிகளுக்கும் ஈடு காணுதலேயாம்.

இவ்வுண்மை எல்லா வளர்ப்பு மீன்களுக்கும் பொருந்துமாயினும், மத்திய அமெரிக்கச் சிக்கிளிட்டு மீன்களின் வாழ்க்கையில் மிகத் தெளிவாகப் புலப்படும். அவற்றின் இயல்பை முதற்கண் அறிதல் நலம்.

சிக்கிளிட்டுக் குடும்பம்

நன்னீர் மீன்களின் பெருங் குடும்பங்களுள் சிக்கிளிட்டுக் குடும்பம் ஒன்று. இதுவரை 1,700 இற்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. ஆபிரிக்காவின் பேரேரிகளிலும், தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க நீர்நிலைகளிலும் இவை பல்கிப் பெருகியுள்ளன. ஆசியாவில் இயற்கையாக வாழும் இனங்கள் மிகச் சிலவே. அவற்றுள் எத்துரோப்பிளசு சுரத்தென்சிசு, சூடெத்துரோப்பிளசு மக்கியுலாற்றசு என்னும் இரண்டும் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் உரியன. களப்புகளின் உவர்நீரிலும் அவற்றை அடுத்த நன்னீரிலும் காணப்படுவன. 1952 ஆம் ஆண்டில் இலங்கைக் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக்குத் திலாப்பியாவும் இக்குடும்பத்தினதே. ஆகவே, தொலைநாட்டு மீன்கள் எனத் தோன்றினும், இவற்றின் உறவினங்கள் இலங்கையருக்குப் புதியன அல்ல.

இக்குடும்பத்தின் சிறப்பியல்புகள் இரண்டு. வாயிலுள்ள தாடைகளோடு, தொண்டையினுள்ளும் ஒரு தாடைத்தொகுதி இவற்றுக்கு உண்டு. தொண்டைத் தாடைகள் உணவை அரைப்பதால், வாய்த் தாடைகள் இரையைப் பற்றும் தொழிலுக்கெனப் பலவாறு மாறுபடும் வாய்ப்பைப் பெற்றன. பாசி சுரண்டுவன, நத்தை நொறுக்குவன, பிற மீன்களை விழுங்குவன என இவை பலவகைப்பட்டதற்கு இஃது ஒரு காரணம் என்பர். மற்றது, பெற்றோர் பேணல். மீன்களுட் பெரும்பாலானவை முட்டையிட்டபின் அவற்றைக் கைவிட்டு விடுகின்றன. சிக்கிளிட்டுகளோ முட்டைகளையும் குஞ்சுகளையும் காக்கின்றன. ஆபிரிக்க இனங்களுட் பல முட்டைகளை வாயினுள் வைத்துக் காக்க, மத்திய அமெரிக்க இனங்கள் பெரும்பாலும் கல்லிலோ குகையிலோ முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் இணைந்து காவல் புரிகின்றன.

காவல் புரிதற்கு எல்லை வேண்டும். எல்லை கொண்டதும் அதனுட் புகுவோரை எதிர்க்கும் சினம் வேண்டும். ஆகவே இம்மீன்களின் கொடுமை என்று கூறப்படுவதும், குஞ்சுகளிடத்து அவை காட்டும் பரிவும் ஒரே வேரிற் கிளைத்தவை. ஒன்றை விரும்பி மற்றதை வெறுத்தல் இயலாது. பரிவைக் கண்டு மகிழ விரும்புபவர் சினத்துக்கும் இடம் ஒதுக்குதல் வேண்டும்.

எம்மீனைத் தெரிதல்

கடைகளில் விற்கப்படும் குஞ்சுகள் யாவும் சிறியனவாகவும் அழகியனவாகவும் இருக்கும். அவை வளர்ந்தபின் எய்தும் பருமனை அறியாமல் வாங்குதலே பெரும்பாலான துன்பங்களுக்கு முதற் காரணம். நிக்கராகுவாவின் பெரிய ஏரிகளிலும் எரிமலைவாய் ஏரிகளிலும் அம்பிலோபசு சாதியைச் சேர்ந்த மைடாசு மீன்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஒரு சிறு பங்கு வளரும்போது நரைநிறம் நீங்கிப் பொன்னிறம் பெறுகின்றது. அதுபற்றியே, தொட்டதெல்லாம் பொன்னாகப் பெற்ற கிரேக்கக் கதையின் மன்னன் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. கலிபோணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோர்ச்சு பாலோ என்னும் விலங்கியலறிஞர் இம்மீனின் நடத்தையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, சிக்கிளிட்டுகள் பற்றிய நூலொன்றை 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆராய்ச்சிக்கு உகந்ததாயினும் வீட்டுத் தொட்டிக்கு இஃது எளிதில் ஏற்றதன்று. 25 சதமமீற்றர் வரை வளரும் இம்மீனின் ஓர் இணைக்கே 180 சதமமீற்றர் நீளத் தொட்டி வேண்டும். மீனுண்ணியாகிய குவாப்போத்தே இனங்கள் இன்னும் பெரியன. அவற்றுள் ஒன்று அரை மீற்றருக்கு மேலும் வளர்கின்றது.

நடுத்தரமானவற்றுள் தீவாய் மீன் எனப்படும் தோரிக்திசு மீக்கி ஒன்று. மெக்சிக்கோ, குவாத்தமாலா, பெலீசு ஆகிய நாடுகளிற் காணப்படும் இம்மீன், பகைவனைக் கண்டதும் செந்நிறத் தொண்டையைத் தாழ்த்திப் பூமூடிகளை இருபுறமும் விரிக்கும். பூமூடிகளிலுள்ள கரும்புள்ளிகள் அப்பொழுது பெரியதொரு தலையின் கண்கள்போலத் தோன்றும். போரிடுதலினும் போருக்கு அஞ்சச் செய்தலே இதன் வழி.

முதன்முதலாக இனப்பெருக்கம் காண விரும்பும் மாணவர்க்குப் பொருத்தமானது கைதி மீன். 1867 இல் அல்பேட்டு குந்தர் என்னும் விலங்கியலறிஞரால் விவரிக்கப்பட்ட இதன் இன்றைய விஞ்ஞானப் பெயர் அமாத்தித்திலானியா நைகுரோபசியாற்றா. குவாத்தமாலா, எல் சல்வடோர், ஒண்டுராசு ஆகியன இதன் தாயகம். உடலைச் சுற்றியுள்ள கருங்கோடுகள் அக்காலச் சிறைக்கைதியின் உடையை நினைவூட்டியமையாற் பெற்றது இப்பெயர். ஆண் 12 சதமமீற்றரளவு வளரும். பெண் அதனிற் சிறிது. ஆணே நிறமிகுந்ததாயிருத்தல் மீன்களிற் பெருவழக்கு. இங்கோ பெண்ணின் வயிற்றிலேயே செம்மஞ்சள் நிறம் பொலிகின்றது. ஆண், பெண் வேறுபாட்டை மாணவர் தாமே கண்டறிதற்கு இதனினும் எளிய மீன் அரிது.

தோற்ற மீனுக்கு வழி

ஏரியின் முதற்பணிக்கு ஈடு செய்வது தொட்டியின் வடிவம். ஏரியில் இரு மீன்கள் பொருதால், தோற்றது சிறிது தூரம் ஓடும். எல்லைக்கு வெளியே அது சென்றதும் வென்றது திரும்பிவிடும். தொட்டியிலோ ஓடும் மீனைக் கண்ணாடிச் சுவர் தடுக்கின்றது. எல்லைக்குள்ளேயே அது நிற்பதால், வென்ற மீன் அதனை இன்னும் அடங்காத பகையெனவே கொண்டு மேலும் தாக்குகின்றது. தோற்றது இறக்கும்வரை இது தொடர்தலுமுண்டு. இதனை மீனின் குணக்கேடு எனல் பொருந்தாது. ஏரிக்கென அமைந்த நடத்தை, ஏரியல்லாத இடத்தில் நிகழ்வதன் விளைவே இது.

எனவே தொட்டியின் கொள்ளளவை மட்டும் நோக்குதல் போதாது. 90 சதமமீற்றர் நீளமும் 45 சதமமீற்றர் அகலமும் 40 சதமமீற்றர் உயரமுமுள்ள தொட்டி 162 இலீற்றர் கொள்ளும். 60 சதமமீற்றர் நீளமும் 45 சதமமீற்றர் அகலமும் 60 சதமமீற்றர் உயரமுமுள்ள மற்றொரு தொட்டியும் அதே 162 இலீற்றரைக் கொள்ளும். ஆயின் முன்னதன் தரைப்பரப்பு 4,050 சதுர சதமமீற்றர். பின்னதன் தரைப்பரப்பு 2,700 மட்டுமே. சிக்கிளிட்டு தன் ஆள்புலத்தைத் தரையிலேயே வகுத்துக்கொள்வதால், கொள்ளளவு ஒன்றாயினும் முன்னதே அதற்கு அகன்ற நிலம். நீரின் மேற்பரப்பும் அவ்வாறே மிகுதலால், வளியிலிருந்து ஒட்சிசன் கரைதலும் எளிதாகும். நீரமுக்கமோ ஆழத்துக்கு நேர்விகித சமம். ஆகவே உயர்ந்த தொட்டியின் அடியில் அமுக்கம் ஒன்றரை மடங்கு. கண்ணாடியும் அதற்கேற்பத் தடித்திருத்தல் வேண்டும். முற்கூறிய 90 சதமமீற்றர் தொட்டியே கைதி மீன் இணையொன்றுக்குப் போதுமானது.

இத்தொட்டியிலுள்ள நீரின் நிறை மட்டும் 162 கிலோகிராம். கண்ணாடி, கல், மணல் ஆகியவற்றையும் கூட்டினால் 200 கிலோகிராமுக்கு மேற்படும். அத்துணைப் பாரத்தைத் தாங்கவல்ல தாங்கியை மட்டமாக நிறுத்தி, கண்ணாடிக்கு அடியில் றெஜிபோம் தகடு இடுதல் வேண்டும். நேர் வெயில் படும் யன்னலோரம் தவிர்க்கற்பாலது. வெயில் பாசியைப் பெருக்குவதோடு நீரையும் மிகச் சூடாக்கும்.

உள்ளமைப்பில் இரு விதிகள் நினைவிற் கொள்ளத்தக்கன. முதலாவது, பாரமான கற்களைத் தொட்டியின் அடித்தளத்தின்மீது நேரே நிறுத்தியபின்னரே மணலைப் பரப்புதல் வேண்டும். இம்மீன்கள் மணலைத் தோண்டுவன. மணலின்மேல் நிறுத்திய கல் ஒருநாட் சரிந்து மீனையோ கண்ணாடியையோ சிதைக்கும். இரண்டாவது, ஒரு முனையில் நிற்கும் மீன் மறுமுனையிலுள்ள மீனைக் காணாதவாறு கற்களால் இடையே மறைப்பு அமைத்தல் வேண்டும். காணாத பகையைத் துரத்துவாரில்லை. பக்கவாட்டிற் கவிழ்த்த மண்சட்டி, துளையிட்ட சிரட்டை ஆகியன சிறந்த குகைகள். இணை ஒன்றேயாயினும் குகைகள் மூன்றேனும் இருத்தல் நன்று. பெண் ஒதுங்குதற்கென ஆண் புகமுடியாத ஒடுங்கிய வாயில் ஒன்று அவற்றுள் இருத்தல் அவசியம். மணலில் நட்ட செடிகள் பிடுங்கப்படுமாதலால், கல்லிற் பிணைத்து வளர்க்கத்தக்க தடித்த இலைச் செடிகளே நிலைக்கும்.

கழிவும் நீரும்

ஏரியின் இரண்டாவது பணி கழிவைக் கரைத்தல். மீன்கள் தம் நைதரசன் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகப் பூக்களின் வழியே வெளியேற்றுகின்றன. ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாகவும், மற்றொருவகை நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் ஒட்சியேற்றுகின்றன. முதலிரண்டும் மீனுக்குச் சிற்றளவிலும் நஞ்சு. மூன்றாவது பேரளவிலேயே தீங்கானது. வடிகட்டியின் தலையாய வேலை நீரைத் தெளிவாக்குதலன்று. இப்பற்றீரியாக்கள் குடியிருக்கப் பரப்பு அளித்தலே. கண்ணுக்குத் தெளிந்த நீர் நஞ்சற்ற நீரென்று கொள்ளுதல் தவறு.

ஈண்டு ஓர் இரசாயன உண்மை கருதற்பாலது. நீரில் அமோனியா இருவடிவாக உள்ளது: ஏற்றம் பெற்ற அமோனிய அயன், ஏற்றமற்ற அமோனியா. பெருநஞ்சாவது பின்னதே. 25 பாகை செல்சியசு வெப்பநிலையில், பீ.எச். பெறுமானம் 7 ஆகவுள்ள நீரில் மொத்த அமோனியாவில் ஏறத்தாழ 0.6 வீதமே ஏற்றமற்றது, பீ.எச். 8 ஆயின் அது 5 வீதத்துக்கு மேற்படும். ஏறத்தாழ ஒன்பது, பத்து மடங்கு. காரத்தன்மையுள்ள நீரில் முதிராத வடிகட்டியோடு மீனை விடுதல் எத்துணை ஆபத்தானது என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

மத்திய அமெரிக்கச் சிக்கிளிட்டுகள் பலவற்றின் தாயக நீரோ அத்தகைய வன்னீரே. தீவாய் மீன் வாழும் யுக்காத்தான் குடாநாட்டின் வடபகுதி சுண்ணாம்புக்கல் நிலம். அதன் மேற்பரப்பில் ஆறுகள் ஓடுவதில்லை. மழைநீர் நிலத்தினுட் புகுந்து கல்லைக் கரைத்து, குகைகளையும் செனோத்தே எனப்படும் ஆழ்ந்த நீர்க்குண்டுகளையும் ஆக்கியுள்ளது. யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணாம்புக்கல் நிலமே. அங்கும் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. நிலாவரைக் கிணறு செனோத்தேயை நிகர்த்த அமைப்பினது. ஆகவே யாழ்ப்பாணக் கிணற்றுநீரின் கடினத்தன்மை, மென்னீர் விரும்பும் அமேசன் மீன்களுக்குப் பொருந்தாதாயினும், இச்சிக்கிளிட்டுகளுக்கு இயல்பாகவே உகந்தது. வெப்பநிலையும் அவ்வாறே: 25 முதல் 28 பாகை வரை இவற்றுக்கு ஏற்றது, தாழ்நிலங்களில் வெப்பமேற்றி வேண்டுவதில்லை, நுவரெலியா போன்ற மலைநாட்டு ஊர்களிலேயே அது தேவை.

எனினும் அக்கிணற்றுநீரில் ஒரு குறையுண்டு. பசளையும் மலகூடக் குழிகளின் கசிவும் காரணமாக, யாழ்ப்பாணத்தின் பயிர்ச்செய்கைப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளமை ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். இதன் விளைவை ஓர் எளிய கணக்காற் காணலாம். தொட்டியிலுள்ள மீன்கள் கிழமையொன்றில் இலீற்றருக்கு 10 மில்லிகிராம் நைத்திரேற்றை உண்டாக்குகின்றன என்றும், கிழமைதோறும் நாலிலொரு பங்கு நீர் மாற்றப்படுகின்றது என்றும் கொள்க. புதுநீரில் நைத்திரேற்று இல்லையாயின், நாளடைவில் மாற்றுமுன்னுள்ள அளவு 40 மில்லிகிராமில் நிலைபெறும். புதுநீரிலேயே 50 மில்லிகிராம் இருப்பின், அது 90 இல் நிலைபெறும். பாதி நீரை மாற்றினும் 70 இற்குக் குறையாது. அத்தகைய கிணறுடையார் மழைநீரைச் சேகரித்துக் கலத்தலே தக்க வழி. நகரக் குழாய்நீரைக் கொள்வோர், அதிற் சேர்க்கப்பட்ட குளோரீனை நீக்கியபின்னரே தொட்டியில் விடுதல் வேண்டும்.

குஞ்சு வளர்ப்புத் தொட்டிக்கு, காற்றுப்பம்பியால் இயங்கும் பஞ்சு வடிகட்டியே ஏற்றது. அது குஞ்சுகளை உறிஞ்சுவதில்லை. மீனில்லாத தொட்டியிற் சிறிது சிறிதாக அமோனியாவையோ மீனுணவையோ இட்டு, நான்கு முதல் ஆறு கிழமைகள் வடிகட்டியை இயங்கவிடல் வேண்டும். சோதனைத் திரவங்களால் அளக்கும்போது அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகி, நைத்திரேற்று மட்டும் தோன்றினால் வடிகட்டி முதிர்ந்தது எனக் கொள்ளலாம். பழைய தொட்டியின் பஞ்சொன்றை அதனோடு சேர்த்தால் இக்காலம் குறையும். பஞ்சைக் கழுவுங்கால் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே கழுவுதல் வேண்டும். குளோரீன் கலந்த நீர் பற்றீரியாக்களைக் கொன்றுவிடும்.

மின்சாரம் நின்றபோது செய்யத்தக்கதையும் திட்டத்திற் சேர்த்தல் அவசியம். 20 பாகையில் இலீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும் நன்னீர், 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமையே கொள்ளும். வெப்பநாட்டுத் தொட்டிக்கு இருப்பு குறைவு. 2022 ஆம் ஆண்டில் இலங்கையிற் பல மணிநேரம் மின்வெட்டு நிகழ்ந்தபோது மீன் வளர்ப்போர் இதனை நன்குணர்ந்தனர். மின்கலத்தால் இயங்கும் காற்றுப்பம்பி ஒன்றை ஆயத்தமாக வைத்திருத்தலும், மின்சாரமில்லாத வேளை உணவிடாதிருத்தலும் எளிய காப்புகள்.

இணையும் இல்லறமும்

வளர்ந்த ஆணொன்றையும் பெண்ணொன்றையும் வாங்கி ஒரே நாளில் ஒருங்கே விடுதல் விரும்பத்தக்கதன்று. ஆண் பெண்ணைக் கொன்றுவிடுதல் கூடும். ஆறு முதல் எட்டுக் குஞ்சுகளை ஒன்றாக வளர்த்தால், அவற்றுள் இரண்டு தாமே இணைந்து ஒரு மூலையைத் தமதாக்கிக்கொள்ளும். உடனே ஏனையவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுதல் வேண்டும். அவற்றுக்கான இடமும் முன்னரே திட்டமிடப்பட்டிருத்தல் வேண்டும் என்பது கூறாமலே அமையும்.

தனித்து விடப்பட்ட இணையிலும் பூசல் எழுவதுண்டு. ஏரியிற் சூழவுள்ள அயலாரையும் இரைகௌவிகளையும் எதிர்த்து நிற்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். பொதுப்பகை இல்லாத தொட்டியில், ஆணின் சினம் பெண்ணின்மேலேயே திரும்புதல் கூடும். இதற்கு எளிய பரிகாரம் அருகே மற்றொரு மீன்தொட்டியை வைத்தலாகும். கண்ணாடிக்கு அப்பாலுள்ள மீன்களை எதிர்த்து இணை ஒற்றுமை கொள்ளும். எம்மீனுக்கும் ஊறு நேராது. அதற்கும் அடங்காத ஆணை, பெண் மட்டும் நுழையத்தக்க துளைகளுள்ள தடுப்பால் வேறாக்கல் வேண்டும்.

இணை இசைந்தபின் குகையின் உட்புறத்தை இரண்டும் வாயாற் சுரண்டித் தூய்மையாக்கும். பெண் முட்டைகளை வரிசைவரிசையாக ஒட்டிச் செல்ல, ஆண் பின்தொடர்ந்து கருக்கட்டச் செய்யும். ஒருமுறைக்கு நூறு முதல் முந்நூறு முட்டைகள் வரை இடப்படலாம். பெண் மார்புச் செட்டைகளை அசைத்து முட்டைகளின்மேல் நீரோட்டத்தை உண்டாக்குகின்றது. பூஞ்சணம் பிடித்து வெளுத்த முட்டைகளைப் பொறுக்கி அகற்றுகின்றது. ஆண் எல்லையைக் காக்கின்றது. ஏறத்தாழ மூன்று நாளிற் குடம்பிகள் வெளிவரும். பெற்றோர் அவற்றை வாயில் ஏந்தி, மணலிற் தோண்டிய குழிகளுக்கு மாற்றுவர். கருவூண்பை கரைந்து, முட்டையிட்டு ஒரு கிழமை கழிந்தளவில், குஞ்சுகள் நீந்தத் தொடங்கும்.

இதன்பின் நிகழ்வனவே காண்போர் உள்ளத்தை ஈர்ப்பன. குஞ்சுத்திரளைப் பெற்றோர் நடத்திச் செல்கின்றனர். செட்டைகளால் மணலைக் கிளறி, எழும் நுண்ணுணவை உண்ணச் செய்கின்றனர். வழிதவறிய குஞ்சை வாயிற் கவ்வி வந்து கூட்டத்தில் உமிழ்கின்றனர். இருள் சூழுமுன் யாவற்றையும் குகைக்குச் சேர்க்கின்றனர். ஆதலால் விளக்கைத் திடீரென அணைத்தல் தகாது. அறையின் வெளிச்சம் மெல்லக் குறையவிடல் வேண்டும். முதற் கிழமைகளில் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா இறாற் குடம்பிகள் சிறந்த உணவு. நாளொன்றுக்குப் பலமுறை சிறிதளவாகக் கொடுத்தலும், எஞ்சியதைக் குழாயால் உறிஞ்சி அகற்றலும் வேண்டும். இக்காலத்தில் தொட்டியுட் கையிட்டு ஒழுங்கு செய்தல் கூடாது. அச்சங்கொண்ட பெற்றோர் தம் முட்டைகளையும் குஞ்சுகளையும் தாமே உண்டுவிடுதல் அரிதன்று.

குஞ்சுகளின் கதி

ஏரியின் மூன்றாவது பணி இனிமையானதன்று. எனினும் மறைக்கத் தக்கதன்று. ஓரினத்தின் தொகை கூடாமலும் குறையாமலும் நிற்குமாயின், ஓரிணை தன் வாழ்நாள் முழுவதும் பெறும் குஞ்சுகளுட் சராசரியாக இரண்டே முதிர்ச்சியடைதல் வேண்டும். ஏனையன பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகின்றன. பெற்றோரின் காவல் அவ்வளவு கடுமையாயிருத்தற்கும் காரணம் இதுவே. தொட்டியிலோ இரைகௌவிகள் இல்லை. ஒருமுறைக்கு 150 குஞ்சுகள் தப்பி, ஆண்டில் ஆறுமுறை இனப்பெருக்கம் நிகழ்ந்ததெனக் கொண்டால், ஆண்டிறுதியில் 900 மீன்கள். இருபது மீனுக்கு ஒரு தொட்டி எனினும் 45 தொட்டிகள் வேண்டும். ஓர் ஆய்வுகூடத்தில் அத்தனை தொட்டிகளை வைத்துப் பேணுதல் எளிதன்று.

இந்நிலையிலேயே பலர் குஞ்சுகளை அருகிலுள்ள குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடுகின்றனர். விடுதலை அளித்தோம் என்று மகிழ்வோருமுளர். இதன் விளைவு பிறநாடுகளில் வெளிப்படையாகக் காணப்படுகின்றது. யுக்காத்தானுக்குரிய மாயன் சிக்கிளிட்டு 1983 இல் அமெரிக்க ஐக்கிய நாட்டின் புளோரிடாச் சதுப்புநிலங்களில் முதன்முறையாகப் பதிவாகி, பின்னர் அங்குப் பெருகிவிட்டது. கைதி மீன் அவுஸ்திரேலியாவில் மின்னிலையமொன்றின் வெந்நீர் தேங்கிய குளத்தில் நிலைபெற்றது. மைடாசு வகை மீன்கள் இந்தோனேசியாவின் நீர்த்தேக்கங்களிற் பரவியுள்ளன. நிக்கராகுவாவே மறுபுறத்திலிருந்து இத்துன்பத்தை அறிந்துள்ளது: 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டு ஏரிகளில் ஆபிரிக்கத் திலாப்பியா புகுந்து, அப்போயோ ஏரியின் நீரடிப் பாசிப் படுகைகளை அழித்தது, சுதேச மீன்கள் அவற்றால் இடர்ப்பட்டன. இலங்கைக் குளங்களிற் புகுத்தப்பட்ட திலாப்பியா உணவுமீனாகப் பயன்தந்தமை உண்மையே. ஆயினும் ஒருமுறை நீர்நிலையிற் கலந்த மீனை மீண்டும் பிரித்தெடுத்தல் இயலாது என்பதற்கும் அதுவே சான்று. சினமிகுந்த கைதி மீன் களப்பையோ குளத்தையோ சேர்ந்தால், அங்கு ஏற்கெனவே குஞ்சு காக்கும் சுதேசச் சிக்கிளிட்டுகளோடு அதே இடத்துக்கும் அதே குகைக்கும் போட்டியிடும்.

ஆகவே குஞ்சுகளின் தொகையைத் தொட்டி வைப்பவரே முன்கூட்டி வரையறுத்தல் வேண்டும். ஒருமுறை இனப்பெருக்கம் கண்டபின் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்தல் முதல் வழி. பின்னர் இடப்படும் முட்டைகளைப் பொரிக்குமுன் அகற்றல் இரண்டாவது. பொறுப்புணர்ந்த வளர்ப்போர்க்கும் பாடசாலைகளுக்கும் எண்ணிக் கொடுத்தல் மூன்றாவது. பெரிய மீனுண்ணி மீன்கள் வளர்ப்போர் குஞ்சுகளை அவற்றுக்கு உணவாக்குவர். ஏரியில் நிகழ்வதும் அதுவேயாதலின் இதனைக் கொடுமை என ஒதுக்குதல் பொருந்தாது. எவ்வழியைக் கொள்ளினும் அது முன்னரே தீர்மானிக்கப்பட்டதாயிருத்தல் வேண்டும்.

குஞ்சுகள் அனைத்தும் வீணல்ல. கைதி மீனில் வெண்ணிற வகையொன்று உண்டு. அந்நிறம் பின்னிடைவான இயல்பு. வரியுள்ள தூயவழி மீனோடு வெண்மீனை இணைத்தால் முதற்றலைமுறை யாவும் வரியுடையன. அவற்றைத் தம்முள் இணைத்தால் இரண்டாந் தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் வெண்மீன்கள் தோன்றும். மெண்டல் பட்டாணிச் செடியிற் கண்ட விதியை மாணவர் தம் கண்ணெதிரே எண்ணிச் சரிபார்த்தற்கு ஒரு சில குஞ்சுத்தொகுதிகளே போதும்.

முடிவு

மேற்கூறியவற்றால் தொட்டியைத் திட்டமிடும் ஒழுங்கு தெளிவாகும். மீனின் முதிர்ந்த பருமனை அறிந்து இனத்தைத் தெரிதல் முதற்படி. அதன் ஆள்புலத்துக்கேற்ற தரைப்பரப்பை வகுத்தல் இரண்டாவது. கிணற்றுநீரைச் சோதித்து வடிகட்டியை முதிர்வித்தல் மூன்றாவது. குஞ்சுகளுக்குரிய இடத்தைக் குறித்தல் நான்காவது. இவை நான்கும் நிறைவெய்திய பின்னரே மீனை வாங்குதல் வேண்டும். நடைமுறையிலோ இவ்வொழுங்கு பெரும்பாலும் தலைகீழாக நிகழ்கின்றது; மீன் முதலில் வருகின்றது, தொட்டி பின்னர் வருகின்றது, அறிவு இறுதியில், மீன் இறந்தபின் வருகின்றது.

ஏரி தன் பணிகளை எண்ணாமலே ஆற்றுகின்றது. மனிதனோ எண்ணியே ஆற்றுதல் வேண்டும். முதல் முட்டை இடப்படுமுன்னரே கடைசிக் குஞ்சு எங்கு வாழும் என்பதை அறிந்திருப்பவரே மீன்தொட்டி ஒன்றை வைத்தற்கு உரியவர்.